பின்னால் நிற்பவன்

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்த கையோடு, டெரன்ஸ் தன் அண்ணன் மனைவி ஜெஸ்லினைக் குழந்தையைப் போலத் தூக்கிவந்து டிரைவர் சீட்டில் உட்காரவைத்தான். முழங்காலுக்குக் கீழே வெறுமனே தொங்கிய சேலை கதவில் மாட்டிக்கொள்ளாதபடி உள்ளே எடுத்துவிட்டான்.

"கூடப்பொறந்தவன்கூட இப்பிடிப் பாக்கமாட்டான், அக்கா," என்றான் ஒர்க்‌ஷாப் ஜெயகணேஷ்.

பிரேக், ஆக்சிலேட்டர் இரண்டையும் கையாலேயே இயக்கும்படி அந்தக் காரை அவளுக்காக மாற்றிக் கட்டியவன் அவன். இன்று அதன் பழைய ரிவர்ஸ் கேமராவைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டியிருந்தான். செலவு டெரன்ஸுடையது.

"நாசரேத்துல தெரிஞ்ச ஆளு இருக்கான், அங்கன போவோம்னேன். மைனிதான் இந்த ஒர்க்‌ஷாப்புதான்னு ஒத்தக்கால்ல நின்னாவ," என்றான் டெரன்ஸ். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஜெஸ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டும் இல்லாதவ எங்கன நிக்க?"

போன வருடம், மாதா திருவிழாவின் கடைசி நாள். சப்பரம் பார்க்கக் கிளம்பி வாசல் கேட்டைத் திறந்துகொண்டிருந்தவள் மேல் டெரன்ஸின் ஜீப் ரிவர்ஸில் வந்து ஏறியது. "கேமரா இல்லாத வண்டி மைனி, நீங்க நின்னது தெரியலயே," என்று அவள் கட்டிலருகே சொன்னான்; ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுததை ஊரே பார்த்தது. பாவம், அவன் பார்க்கவில்லை என்று போலீசில் ஜெஸ்லினே சொன்னாள். கடலோடு போன கணவன் அவளுக்கு விட்டுச்சென்ற விசைப்படகுகளை அன்றிலிருந்து டெரன்ஸ்தான் பார்த்துக்கொள்கிறான்.

"அண்ணாச்சி, செத்த பின்னால போய் நில்லுங்க. ரிவர்ஸ் போட்டாத்தான் படம் வரும்," என்றான் ஜெயகணேஷ்.

டெரன்ஸ் பின்னால் இருந்த உப்புக் குடோன் சுவர் வரை போய், அதில் முதுகைச் சாய்த்து நின்றான். ஜெயகணேஷ் ஜெஸ்லினுக்குப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான். அவள் பிரேக் லீவரை அழுத்திப் பிடித்து ரிவர்ஸ் போட்டாள். திரையில் வெளிச்சம் வந்தது.

"அம்மாடி! சட்டைப் பித்தான எண்ணிரலாம் போலயே," என்றாள் ஜெஸ்லின்.

"பழசுல சாமியாரு நின்னாலும் சாக்குமூட மாதிரித்தான் தெரியும். இது நம்ம ஊரு உப்புக்காத்துக்கும் மங்காது. அண்ணாச்சி ஜீப்புக்கும் இதையேதான மாட்டிக்குடுத்தேன்."

"மாட்டிட்டானா? நல்லதாப் போச்சு. எப்பம், நான் ஆஸ்பத்திரில கெடந்தப்பவா?"

"இல்லக்கா, அதுக்கெல்லாம் முந்தி. போன வருசம் மாதா கொடியேத்தத்துக்கு மொத நாளு. அன்னைக்குத்தான ஊருல உள்ள வண்டி பூரா எங்கிட்ட வந்து நிக்கும். கொடி ஏறுன பொறவு எவன் வாரான்?"

ஜெஸ்லின் திரையில் நின்ற டெரன்ஸைப் பார்த்தாள். கொடி ஏறினால்தான் திருவிழா தொடங்கும். அவளுடைய கால்கள் போனது திருவிழா முடிந்த நாளில்.

"கேமரா நல்லா வேல செஞ்சுதா, தம்பி?" என்றாள்.

"என்னக்கா இப்பிடிக் கேக்கிய? சப்பரத்தன்னைக்குக் காலையிலகூட கேமரா கண்ணாடியத் தொடைக்கக் கொண்டாந்தாரு. கோழிக்குஞ்சு குறுக்க போனாலும் தெரியுதுலேன்னு அம்புட்டுச் சந்தோசம் அவருக்கு."

திரையில் டெரன்ஸ் சிரித்துக்கொண்டிருந்தான். நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது.

"மைனி, தெரியுதா?" என்று அங்கிருந்தே கத்தினான்.

"எல்லாம் தெரியுது, டெரன்ஸு."

"அப்பம் கிட்ட வந்தா கேமரா சத்தம் குடுக்குதான்னும் பாத்திருவோம். வரட்டும் மைனி, வரட்டும்!" இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டி அழைத்தான்.

ஜெஸ்லின் லீவரிலிருந்து கையை எடுக்காமல் பக்கத்து சீட்டுக்குத் திரும்பினாள்.

"தம்பி, நீங்க எறங்கிக்கிடுங்க."