இரண்டு யூனிட் ஜல்லி

டேப்பின் முனை அவள் கையில் இருந்தது.

மறுமுனையில் சென்னியப்பன். புழக்கடை முழுக்க ஜல்லி பரப்ப அளவெடுக்க வந்தவர். வயதில் மூத்தவர். வந்ததும் வராததுமாக அவளை அம்மிணி என்று கூப்பிட்டுவிட்டார்.

நீளம் நாற்பதடி. மதில்வரை அகலம் இருபத்திரண்டு.

கிணற்றைக் கழித்தார். துவைகல்லைக் கழித்தார். தென்னை மூன்றுக்கும் பாத்தி விட்டு, அதையும் கழித்தார்.

கணவன் கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றான். யோசனை அவனுடையது. பாம்பு வருகிறது என்றான். களை மண்டுகிறது என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவள் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

"மேல அரையடி மண்ணச் செதுக்கிப்போட்டு, ஷீட்டு விரிச்சு, அதும்மேல மூணு அங்குலம் ஜல்லி. அப்பறம் பாம்பே வந்தாலும் செருப்புப் போட்டுட்டுத்தான் வரோணும்," என்றார் சென்னியப்பன்.

கணவன் சிரித்தான். அவள் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் பார்த்தான். சிரிப்பு நின்றது.

அரையடி.

எவ்வளவு ஆழம் என்று அவள் அவனைக் கேட்டதே இல்லை. தோண்டியது அவன். அவள் உள்ளே பாயில் கிடந்தாள்.

பல் முளைக்காத பிள்ளையை எரிக்கும் வழக்கமில்லை, சொந்த மண்ணிலேயே வைத்துவிடலாம் என்றார்கள். வைத்தார்கள். மேலே ஒரு நந்தியாவட்டை நட்டார்கள்.

பால் கட்டி நெஞ்சு கனத்தபோதெல்லாம் பீய்ச்சிக்கொண்டு வந்து அந்தத் தூரில்தான் ஊற்றினாள்.

செடி பூத்தது.

அந்தப் பூவைப் பார்த்தால் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

"இந்தச் செடி இருக்கோணுமுங்களா?"

"எடுத்துருங்கண்ணா," என்றான் கணவன்.

அவள் வாயைத் திறந்தாள்.

"இந்த மூலையக் கழிச்சுக்குங்க."

"எத்தனைங்க அம்மிணி?"

அவள் தன் இடது கையை மடக்கினாள். முழங்கையைப் பார்த்தாள். தலை இருந்த இடம். அங்கிருந்து விரல் நுனிவரை பார்த்தாள். கால் அதற்கும் கொஞ்சம் தாண்டி இருந்தது.

"ரெண்டடி. அகலம் ஒரு அடி போதும்."

சென்னியப்பன் சிரித்தார். நல்ல மனிதர். அவருக்குத் தெரியாது.

"இத்துனூண்டு எடத்தையெல்லாம் கழிக்கறதில்லீங்க அம்மிணி. கணக்குலயே வராது. ரெண்டு யூனிட்டு எறக்கிட்டா சரியா இருக்கும்."

அவள் கணவனைப் பார்த்தாள்.

அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவன் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிங்கண்ணா," என்றான். கிணற்றுக்குச் சொன்னதுபோல் இருந்தது.

"டேப்ப விடுங்க அம்மிணி. சுருட்டிக்கறன்."

விடவில்லை.

சென்னியப்பன் லேசாக இழுத்துப் பார்த்தார். டேப் விறைத்து நின்றது.

கணவன் வந்தான். அவள் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. மூடிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

முதலில் சுண்டுவிரல். பிறகு அடுத்தது.

அன்றைக்கும் பிள்ளையை வாங்க ஒவ்வொரு விரலாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.