ஆண்டவர் வீட்டில் ஓட்டு

"மூப்பர் பதவி என்ன, ஒங்க வீட்டு ஆட்டுக்குட்டியா? அப்பன் செத்தா மகனுக்கு வந்து சேர்றதுக்கு?"

பொன்னையா இப்படிக் கேட்டதும் தகரக் கூரைக் கோயிலுக்குள் எல்லாத் தலையும் முன்வரிசைப் பக்கம் திரும்பியது.

கேட்கப்பட்டவர் சாதாரண ஆளா? பெரிய கங்காணி வேதமுத்து. பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மலையில் வேலை என்று விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திச் சொல்பவர் அவர்தான். தாத்தா இந்தச் சபைக்கு மூப்பர், அப்பாவும் மூப்பர். அப்பா போன மாதம் கண்ணை மூடினார். அடுத்தது தான்தான் என்று புதுக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார் மனுசன்.

குறுக்கே ஒரு மனு போய்விட்டது, அட்டனிலிருந்து மாதம் ஒரு முறை வரும் பாதிரியாருக்கு. மூப்பரைச் சபையே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் பொன்னையாவும் நிற்கிறானாம். ஆகவே ஆராதனை முடிந்ததும் இந்தக் கூட்டம்.

"ஐயா, பவுல் ஊர் ஊராப் போயி மூப்பர்களை வச்சாரு. சனங்களக் கேட்டுக்கிட்டா வச்சாரு?" கங்காணி பாதிரியாரைப் பார்த்துக் கேட்டார்.

"விதவைங்களுக்குப் பந்தி விசாரிக்க ஏழு பேரு தேவைப்பட்டப்போ என்ன நடந்துச்சு?" பொன்னையா விடவில்லை. "ஒங்களுக்குள்ள நல்ல பேரு எடுத்தவங்களா நீங்களே பாத்து எடுங்கன்னு அப்போஸ்தலருங்க சனத்துக்கிட்டதான விட்டாங்க? அதுவும் வேதத்துலதான் இருக்கு. அந்தப் பக்கம் மட்டும் ஒங்க புஸ்தகத்துல கிழிஞ்சு போச்சா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கங்காணியின் முகம் கறுத்தது.

"நாளைக்குப் பெரட்டுக்கு வருவீல்ல? மேமலையில தனியா வெட்டுவ."

"வெட்டுறேனுங்க. மேமலையிலயும் கத்தி வெட்டத்தான செய்யும்."

பொன்னையா பாதிரியாரிடம் திரும்பினான். குரல் உடைந்தது. அவனுக்கு ஆத்திரம் வந்தால் அழுகையும் கூடவே வந்துவிடும்.

"வெள்ளக்காரத் தொரை நாட்ட விட்டுட்டுப் போனான். நம்ம ஆளுங்கன்னு நெனச்சோம். ஆட்சிக்கு வந்தவங்க, நீங்க இந்த நாட்டு ஆளுங்களே இல்லன்னு எங்க ஓட்டப் புடுங்கிட்டாங்க. இந்தத் தேர்தல்ல இந்த மலையில எத்தன பேருங்க ஓட்டுப் போட்டோம்? தேயில பறிக்க ஆளு, எண்ணுறப்போ ஆளு இல்ல. ஆண்டவர் வீட்டுலயாவது எங்கள எண்ணுங்க ஐயா."

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுசர். தனக்காகக் கங்காணி வீட்டுக் கோழிக்குழம்பு அடுப்பில் கொதிப்பது தெரிந்தும், "சரி, கை தூக்கி எடுத்துக்குவோம்" என்றார்.

பொன்னையா ஜெயித்துவிட்டான்!

"அப்போ பொம்பளைங்களுமா?" கங்காணி மெதுவாகக் கேட்டார். "சபையில பொம்பள வாய தொறக்கக் கூடாதுன்னு பவுலே எழுதியிருக்காரே."

பாதிரியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கை தூக்கணும்னு கேட்டவரு பொன்னையா. அவரே சொல்லட்டும்."

பொன்னையா வலது பக்கம் பார்த்தான். ஆண்கள் பதினாறு பேர். அதில் பத்துப் பேர் அவனோடு கவ்வாத்து வெட்டுகிறவர்கள். பக்கத்தில் இருந்த அழகுமுத்து காதில் கிசுகிசுத்தான்: "அண்ணே, பொம்பளைங்க கை தூக்குனா எங்க கைய எதிர்பாக்காத. சொல்லிட்டேன்."

இடது பக்கம் முப்பது பெண்கள். முன்னால் அவன் மனைவி அம்மாக்கண்ணு. கொழுந்து பறித்துவிட்டு வந்து, பொழுது சாய்ந்த பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி அந்த மனுவுக்குக் கைநாட்டு வாங்கியவள் அவள்தான். பாதிக்கு மேல் பெண்கள் வைத்த கைநாட்டு. அவளுடைய வலது கை இப்போதே தோள் வரைக்கும் வந்திருந்தது, அவளைப் பார்த்து மற்றப் பெண்களின் கைகளும்.

பொன்னையா தொண்டையைச் செருமினான்.

"வேதத்துல அப்படி இருந்தா நாம என்னங்க பண்றது? ஆம்பளைங்க மட்டும் தூக்கட்டும் ஐயா."

"ஏங்க," என்றாள் அம்மாக்கண்ணு. "கை தூக்குறது பேச்சாங்க?"

"கோயில்ல சும்மா இரு!" பொன்னையா அதட்டினான்.

அவள் கையை இறக்கினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு கையாக இறங்கியது.

பத்துக்கு ஆறு. பொன்னையா மூப்பர் ஆனான். பாதிரியார் தலையில் கைவைத்து ஜெபித்தார். கங்காணி கோபப்படுவார் என்று எல்லாரும் பார்த்திருக்க, அவர் சிரித்துக்கொண்டே வந்து அவன் தோளில் தட்டினார்.

"நான் பயந்துதான் போனேன்டா. சரியான ஆளத்தான் எடுத்திருக்காங்க."

அந்தச் சிரிப்பு பொன்னையாவுக்குப் பிடிக்கவில்லை. விறுவிறுவென்று வெளியே வந்தான்.

கோயிலிலிருந்து லயத்துக்குப் போவது ஒற்றையடிப் பாதை. அவனுக்கு முன்பே வெளியேறிவிட்ட பெண்கள் அதில் நின்றிருந்தார்கள். அவனைக் கண்டதும் தலையில் போட்டிருந்த முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தேயிலைச் செடியோரமாக ஒதுங்கினார்கள். சொந்த ஆட்களுக்கு யாரும் அப்படி ஒதுங்குவதில்லை.

"என்னடி அம்மாக்கண்ணு இது, வா வீட்டுக்குப் போவோம்" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் நின்றவர்களிடம் சத்தமாகச் சொன்னாள்:

"இன்னும் தள்ளி நில்லுங்கடி. கங்காணி ஐயா போகட்டும்."