வீட்டுக்கு ஒரு படி

“இன்னாணா, எங்க வூட்டுக் கேவுரு மட்டும் வாணான்றீங்க?”

அம்மன் கோயில் வாசலில் படியை ஏந்திக்கொண்டு நின்றாள் கிளியம்மாள்.

ஆடிக் கூழுக்கு வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு கொடுப்பது அந்த ஊர் வழக்கம். ஆண் இல்லாத வீட்டில் மட்டும் வாங்குவதில்லை.

பின்னால் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள்.

“வாணான்னா சந்தோசமா போவாம வம்பு பண்றா பாரு.”

“புருசன் வுட்டுட்டுப் போயும் திமிரு போவல.”

ஊர்ப் பெரியவர் கோதண்டராமன் சிரித்தார். “நீ கஷ்டப்பட்றவ கிளி. உங்கிட்ட வாங்கினா ஆத்தாவே என்ன மன்னிக்க மாட்டா. சும்மா வந்து கூழு குடிச்சிட்டுப் போ.”

அதில் பொய்யில்லை. கிளியம்மாளின் மகள் யுவஸ்ரீக்குத்தான் ஒவ்வொரு ஆடியிலும் முதல் சொம்புக் கூழ். “அப்பன் இல்லாத புள்ள, மொதல்ல ஊத்துங்கடா” என்று அவரே சத்தமாகச் சொல்வார். ஊரே பார்க்க அதைக் குடித்து வளர்ந்தவள் அவள்.

“கூழு இருக்கட்டும்ணா. வாலாஜாபாத் ரோட்ல வர்ற கம்பெனில தலைக்கட்டுக்கு ஒரு வேலையாம். படி குடுத்த வூடுதான் தலைக்கட்டாம். எம் பொண்ணு டிப்ளமோ முடிச்சிட்டு சும்மா குந்திக்கினு கீறா.”

“ஆம்பள இல்லாத வூட்டத் தலைக்கட்டுல சேக்கறதில்லம்மா. நானா போட்ட சட்டம்?”

“கேன்டீன்ல பாத்திரம் தேச்சி ஒல வைக்கிறேன். நாங்க ரெண்டு பேரும் இருக்கறது வூடு இல்லாம இன்னா, பஸ் ஸ்டாண்டா?”

கூட்டம் சிரித்தது. கோதண்டராமனும் சிரித்தார். படியை மட்டும் வாங்கவில்லை.

யுவஸ்ரீ அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். “வாம்மா, போலாம். அவரு நம்ம நல்லதுக்குத்தான சொல்றாரு.”

கிளியம்மாள் கேழ்வரகு சிந்தாமல் நடந்தாள்.

அவர்கள் தெரு திரும்பியதும், பானையைக் கிளறிக்கொண்டிருந்த எல்லப்பன் கேட்டான். “பாவம்ணா அந்தப் பொண்ணு. கம்பெனிக்காரங்க ஊர்ல எத்தினி தலைக்கட்டுன்னு கேட்டப்ப, கிளி வூட்ட வுட்டுட்டா கணக்கு சொன்னீங்க?”

கோதண்டராமன் அவனை விசித்திரமாகப் பார்த்தார்.

“அத எப்பிட்றா வுடுவேன்? அதயும் சேத்துத்தான் சொன்னேன். எம் பெரியவன் எங்க வூட்டுக் கணக்குல வேலைக்குப் போறான். சின்னவன் வேற எந்த வூட்டுக் கணக்குல போவான்?”