இறக்கையைப் பிடித்த கை

“அங்கே என்ன பண்றாரு உங்கப்பா? கையை எடுக்கச் சொல்லு.”

மைதானத்தின் நடுவில் நின்றபடி கத்தினாள் பிரோஷ்கா. பதினாறு மீட்டர் தள்ளி, வட்டத்தின் ஓரத்தில், அவளுடைய குட்டி மாற்று விமானத்தின் இறக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார் வெண்டெல். அவளோடு மோதுகிற கொர்னேலின் அப்பா. அவனுக்கு விமானத்தைத் தயார் செய்து விடுகிறவரும் அவர்தான்.

ஹங்கேரி அணியில் மூன்று பேருக்குத்தான் இடம். இரண்டு போய்விட்டது. மிச்சம் இருக்கிற ஒன்று யாருக்கு என்பதை இந்த நாலு நிமிடச் சண்டை முடிவு செய்யும். எட்டு வருடமாக அந்த ஒற்றை இடத்துக்காகத்தான் பிரோஷ்கா விரலை உடைத்துக்கொண்டும், விடுமுறையைத் தொலைத்துக்கொண்டும் பறக்கவிடுகிறாள்.

சண்டை ஒன்றும் பெரிய கணக்கில்லை. இரண்டு பேரும் தோளோடு தோள் உரசி நின்று, கம்பியில் கட்டிய குட்டி விமானங்களைத் தலைக்கு மேல் சுற்றவிட வேண்டும். இரண்டுக்கும் பின்னால் நீளமாய் ஒரு காகித வால். அடுத்தவன் வாலை ஒரு முறை வெட்டினால் நூறு புள்ளி. விமானம் தரையில் கிடந்தால் விநாடிக்கு ஒரு புள்ளி போச்சு.

ஆளுக்கு இரண்டு வெட்டு ஆன நேரத்தில் இரண்டு விமானமும் முட்டிக்கொண்டு விழுந்தன. பிரோஷ்காவின் தம்பி அம்புருஸ் பாய்ந்துபோய் மாற்று விமானத்தின் எஞ்சினைக் கிளப்பிவிட்டான். கையை விடவேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் வெண்டெல் தன் மகனின் விமானத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து பிடித்தார். கூட்டமும் இரைச்சலுமாய் இருந்ததில் அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

“என்ன, உன் வண்டி ஸ்டாப்பிங்லயே நிக்குது?” என்றான் கொர்னேல். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள்.

“உங்கப்பா இறங்கினா கிளம்பும்.”

அப்போதுதான் அவன் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. “அவருக்கு அங்கே என்ன வேலை?” என்று முணுமுணுத்தான்.

முழுசாக ஆறு விநாடி. அதற்குப் பிறகுதான் விமானம் எழும்பியது. இருந்த ஆத்திரத்தில் பிரோஷ்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். புல்லை உரசுவது போல இறக்கினாள், செங்குத்தாய் ஏற்றினாள். மணி அடிக்கிறவரை கொர்னேலால் அவள் வாலைத் தொட முடியவில்லை.

வெட்டுக் கணக்கு சமம்; கொர்னேலின் விமானம் தரையில் கூடுதலாகக் கிடந்ததில் நாலே புள்ளி வித்தியாசம். ஜெயித்தது பிரோஷ்கா.

“வாக்கா, அங்கே சூடா லாங்கோஷ் ரொட்டி போடுறாங்க, சாப்பிடலாம்” என்று கையைப் பிடித்து இழுத்தான் அம்புருஸ்.

“அப்புறம் சாப்பிடலாம். முதல்ல அந்த ஆளுக்கு ஒரு வழி பண்ணணும்.”

“ஜெயிச்சாச்சே, விட்டுத் தொலையேன்.”

“தோத்திருந்தா விட்டிருக்கலாம், அழுதுக்கிட்டே புகார் கொடுக்கிறாள்னு சொல்லுவாங்க. ஜெயிச்சவ கொடுத்தாத்தான் மரியாதை.”

நடுவர் எதெல்காவின் மேஜைக்கு நேராகப் போனாள். அம்புருஸும் பின்னாலேயே போனான். காகிதம் வாங்கி நின்றபடியே எழுதினாள். எதிராளியின் விமானத்தைப் பிடித்து நிறுத்திய வெண்டெலை ஒரு வருடம் எந்த மைதானத்துக்குள்ளும் விடக் கூடாது.

எதெல்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “ஒரு வருஷமா? நாப்பது வருஷமா இங்கேயே கிடக்கிற மனுஷன். இது இல்லேன்னா செத்துப்போவாரும்மா.”

“அந்த நினைப்பு அவருக்கு இருந்திருக்கணும்.”

“எதுக்குப் பிடிச்சார்னு நீ எழுதலையே.”

“எதுக்குப் பிடிப்பாங்க? பெத்த புள்ளை ஜெயிக்கணும்னுதான். அதோ பாருங்க, அந்தப் புள்ளையே வெக்கத்துல அப்பன் மூஞ்சியைப் பாக்கலை.”

தூரத்தில் கொர்னேல் அப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்று கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். வெண்டெல் உடைந்த இறக்கையைப் பெட்டியில் வைத்து மூடினார்.

“இருந்தாலும் ஒரு வருஷம்...” என்று இழுத்தார் எதெல்கா.

“சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? விழுந்த விமானத்தோட மிச்ச வாலை எடுத்து, மாத்து விமானத்துல கட்டாம பறக்கவிட்டா ஆளையே வெளியே தள்றீங்க. போன வருஷம் என் தம்பி இவன் அவசரத்துல மறந்தான், நீங்க என்னை வெளியே அனுப்பினீங்க. நான் ஒரு வார்த்தை பேசினேனா? வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போனேன். இவரை மட்டும் எதுக்கு சும்மா விடணும்?”

எதெல்கா பேனாவை எடுத்து வைத்தார். “சரி. பக்கத்துல இருந்து பார்த்தவங்க ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்” என்றார்.

“இவன்தான் பக்கத்துல இருந்தான். போடுடா.”

அம்புருஸ் பேனாவை வாங்கினான். காகிதத்தைப் பார்த்தான். அந்தப் பக்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்துபோகிற வெண்டெலைப் பார்த்தான். பேனாவை மேஜையில் வைத்துவிட்டான்.

“என்னால முடியாதுக்கா.”

“பயமா உனக்கு?”

“இந்த வருஷமும் வாலை மறந்துட்டேன். அவர்தான் அதைப் பொறுக்கிட்டு வந்து என் கையில திணிச்சாரு, நான் கட்டுறவரைக்கும் விமானத்தைப் பிடிச்சுக்கிட்டாரு.”