பேசாத புரட்டாசி

செல்லாயி அன்று தலையில் ஒரு முடிகூட வெளியே தெரியாதபடி நீலத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அதற்குமேல் தொழிற்சாலைத் தொப்பி வேறு.

அதைப் பார்த்த சூப்பர்வைசர் குழந்தைவேலுவுக்குப் புல்லரித்தது. ஒரு வருஷமாகக் கத்தியும் நடக்காத காரியம், ஒரு மாதம் வாயை மூடியதும் நடந்துவிட்டதே!

சுங்கைப் பட்டாணியில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை அது. கையுறைகளைப் பெட்டியில் அடுக்கும் பெண்களுக்கு அவர்தான் மேற்பார்வை. பெட்டிக்குள் ஒற்றை முடி கிடந்தால் போதும், வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். செல்லாயிக்கோ இடுப்பைத் தாண்டிய கூந்தல். எந்தத் தொப்பிக்கும் அடங்காது.

"முடி! முடி! உன் முடியால என் வேலை போகப் போகுது!" என்று அவர் போடுகிற சத்தம் வாசல் காவலாளிக்கும் கேட்கும்.

"கடவுள் குடுத்த முடி சார், நான் என்னா செய்றது?" என்பாள் அவள், சடையை உள்ளே திணித்துக்கொண்டே.

புரட்டாசி பிறக்கும் சமயத்தில் மறுபடியும் பெட்டிகள் திரும்பி வந்தன. மேனேஜர் எர்னஸ்ட் அவரை அறைக்குள் கூப்பிட்டார்.

"வேலு, இதான் கடைசி. இந்த மாசமும் பெட்டி திரும்புச்சுன்னா வேற ஆளைப் போட்டுருவேன். அப்புறம் நீங்க பழையபடி கரங்கான் எஸ்டேட்டுக்கே ரப்பர் மரம் சீவப் போக வேண்டியதுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் பாக்கார் ஆராங் பகுதியில் 'முன்னோர் ஞானமும் இன்றைய நிர்வாகமும்' என்று ஒரு சொற்பொழிவு நடந்தது. கலங்கிய மனத்தோடு போய் உட்கார்ந்த குழந்தைவேலுவுக்கு, அவருக்காகவே பேசியதுபோல் இருந்தது.

"ரிஷிகள் மௌனத்தாலேயே வனத்தை ஆண்டார்கள். அதிகாரி நாக்கை அடக்கினால் ஆட்களின் கை தானாக ஓடும். ஆனால் விரதத்தை வெளியில் சொன்னால் பலன் போய்விடும்" என்றார் பேச்சாளர்.

மறுநாளே மௌன விரதத்தைத் தொடங்கிவிட்டார். புரட்டாசி முழுக்க, வேலை இடத்தில் ஒரு வார்த்தை கிடையாது, எல்லாம் கைச்சாடைதான். எர்னஸ்டிடமும் மனைவியிடமும் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

"எங்க சர்ச்சு மடத்துச் சாமியாருங்களும் இப்படித்தான் பேசாம இருப்பாங்க. செஞ்சு பாருங்க லா. எனக்குப் பெட்டி திரும்பக்கூடாது, அவ்வளவுதான்" என்றார் எர்னஸ்ட்.

"அப்படியே வீட்டுலயும் இருங்களேன், புண்ணியமாப் போவும்" என்றாள் மனைவி பிரேமாவதி.

முதல் நாள் பெண்களுக்கு ஒரே சிரிப்பு. "போன வாரம் கத்துன கத்துல தொண்டை கட்டிக்கிச்சு போல" என்றாள் அகத்தா. "கட்டட்டும் கட்டட்டும், நம்ம காதுக்கு லீவு" என்றாள் செல்லாயி.

இரண்டாவது வாரத்தில் சிரிப்பு நின்றுபோனது. அவர் வந்தாலே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவர் ஒரு பெட்டியைத் தூக்கக் குனிந்தால், "வைங்க சார், நாங்க இருக்கோம்ல" என்று நாலு கைகள் வாங்கிக்கொண்டன.

தினமும் காலையில் அவர் மேசையில் ஒரு பிளாஸ்க் நிறைய இஞ்சித் தண்ணீர் வந்து உட்கார்ந்தது. "தேன் கலந்திருக்கேன் சார். மெதுவா முழுங்குங்க" என்பாள் அகத்தா. ஆசிரமத்து முனிவருக்குச் செய்கிற பணிவிடை என்று எண்ணி, குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

ஒருநாள் தூணுக்கு அந்தப் பக்கம் செல்லாயியின் குரல் கேட்டது. "ஏய், தொப்பியச் சரியாப் போடு. அவரு இருக்கிற இருப்புல ஒரு பெட்டி திரும்பலாமா?"

மௌனத்தின் சக்தியை நினைத்து அவருக்குக் கண் கலங்கியது.

இதோ, செல்லாயி நீலத் துணி கட்டி வந்த இன்றுதான் புரட்டாசியின் கடைசி நாள். மாதம் முழுக்க ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை. எர்னஸ்ட் அவர் தோளில் தட்டி, "கலக்கிட்டீங்க வேலு! இனிமே உங்க இடத்தை யாரும் அசைக்க முடியாது. தேநீர் நேரத்துல எல்லாருக்கும் முன்னாடி இந்த முறையைப் பத்திப் பேசுங்க. மத்த சூப்பர்வைசருங்களும் கத்துக்கட்டும்" என்றார்.

கேண்டீனில் எல்லோரும் கூடினார்கள். குழந்தைவேலு முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம்!"

பழைய கணீர்க் குரல் கூரையில் மோதித் திரும்பியது. யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். அகத்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"பேசுறாரு! ஏய், சார் பேசுறாரு!"

எதற்கு இந்தக் கூச்சல் என்று அவருக்கு விளங்கவில்லை. "பேசாம என்ன? நான் இந்த ஒரு மாசமா மௌன..."

அதற்குள் செல்லாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "உங்களுக்குத் தொண்டையில கெட்ட நோவு, இனிமே பேச்சே வராதுன்னு சொல்லிக்கிட்டாங்களே சார்! நாங்க வேண்டாத சாமி இல்ல."

தினமும் குடித்த இஞ்சித் தண்ணீர் எதற்கென்று குழந்தைவேலுவுக்கு அப்போதுதான் விளங்கியது.

செல்லாயி தொப்பியைக் கழற்றினாள். நீலத் துணியையும் அவிழ்த்தாள். மழித்த தலையில் சந்தனம் இன்னும் அப்பியிருந்தது.

"நேத்துதான் சார் மாரியாத்தாவுக்கு முடி குடுத்தேன், இன்னைக்கே உங்க குரலைக் குடுத்துட்டா லா!"