எடைக்குப் போகாத குதிரை

இப்போதெல்லாம் ஜனங்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அழுகிறார்கள்.

அன்றைக்கும் ஏல வளையத்தின் மேல்வரிசையில் ஆறேழு பெண்கள். குதிரைகளைக் காப்பாற்ற வந்தவர்களாம். ஒவ்வொரு குதிரையையும் படம் பிடிப்பார்கள், மூக்கைத் துடைப்பார்கள். ஏலம் கேட்க மட்டும் கை எழாது. கையில்தான் போன் இருக்கிறதே.

எங்கள் ஊர்த் திங்கட்கிழமை ஏலத்தில் இரண்டே வகை. சேணம் போட்டு, ஆள் ஏறி வரும் குதிரைகள் முதலில் போகும். அவற்றுக்கு ஆள் உண்டு. கார் ஓட்டாமல் இன்னும் குதிரை வண்டியிலேயே போகும் ஆமிஷ்காரர்கள் வாங்குவார்கள், பிள்ளைகளுக்கென்று யாராவது வாங்குவார்கள்.

மீதியைக் கடைசியில் வெறும் முதுகோடு உள்ளே விரட்டுவார்கள். தலைக்கு அரை நிமிடம். மேலே ஏற விடுமா, உதைக்குமா, யாருக்கும் தெரியாது. அதனால் ஒரே கைதான் எழும். கறிக்கு வாங்கும் ஹார்லனின் கை.

அந்தச் செம்பழுப்புக் குதிரை மீதியில் நின்றது. கொண்டுவந்தவன் விடிந்ததும் இறக்கிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டிருந்தான்.

காலையில் பட்டிகளைச் சுற்றி வந்தபோது அதன் காலைத் தொட்டேன். கால் உறுதியா என்று பார்ப்பது என் வழக்கம். தொட்டதும் தூக்கிக் கொடுத்தது. அடுத்த காலுக்கு நான் குனிவதற்குள் அதையும் தூக்கியது. நாலு காலும் அப்படியே.

தானாக வருகிற குணமில்லை அது. யாரோ ஒருவர் பனியிலும் சேற்றிலும் பக்கத்தில் நின்று பழக்கியிருக்கிறார்.

முதுகு மேட்டில் கையளவு வெள்ளை மயிர். சேணம் உரசிய இடம். வருஷக்கணக்கில் உரசியிருக்க வேண்டும்.

ஆள் ஏறிய குதிரைதான். அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

கொட்டகையில் தொங்கிய பழைய சேணத்தைக் கொண்டுவந்து போட்டேன். கடிவாளத்தைக் காட்டியதும் அதுவே தலையைத் தாழ்த்தியது.

வளையத்தின் கதவைத் திறந்துவிடும் லாயிட் அங்கே நின்றான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“யோவ் பெருசு, இடுப்புல இரும்பு வச்சுத் தச்சிருக்காங்களே, மறந்துபோச்சா?”

“இரும்பு இடுப்புலதான்டா இருக்கு. உன் வாயில வச்சுத் தைக்கலியேன்னுதான் கவலை. கதவைத் தொற.”

குதிரையில் இடப்பக்கமிருந்துதான் ஏறுவார்கள். என் இடது இடுப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது. வேலிப் பலகையில் தொற்றி, வலப்பக்கமிருந்து காலைப் போட்டேன். பழகாத பக்கம் ஏறினால் துள்ளும் குதிரைகள் உண்டு. இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடக்க மாட்டேன் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

அது ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பியது. அசையாமல் நின்றது.

உள்ளே போனோம்.

ஒலிபெருக்கியில் ஏலக்காரன் குரல். “குதிரைக்குப் பதினஞ்சு வயசு இருக்கும். மேல ஒக்காந்திருக்கிற எம்மெட்டுக்கு எழுபத்தெட்டு. விக்கிறது குதிரைய மட்டும்தான், ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிராதீங்க!”

சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்.

நடக்க வைத்தேன். நிறுத்தினேன். நாலடி பின்னால் நகர்த்தினேன். கடிவாளத்தைக் கழுத்தில் போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி அதன் கண்ணருகே வீசினேன். இமைகூட ஆடவில்லை.

ஹார்லன் கை தூக்கினான். என்னை முறைத்தான். எனக்குப் பழகிய முறைப்பு.

வேறு கை எழவில்லை. ஆமிஷ்காரர்கள் இளங்குதிரை தேடி வந்தவர்கள், தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஏலக்காரன் ஒரு தரம் என்றான். இடுப்பு நெருப்பாய் எரிந்தது. இரண்டு தரம் என்றான்.

மேல்வரிசையைப் பார்த்துக் கத்தினேன். “அந்தப் போனைக் கீழ வச்சிட்டுக் கையத் தூக்குங்கம்மா!”

பச்சைச் சட்டைக்காரி ஒருத்தி திடுக்கிட்டாள். போனை மடியில் வைத்தாள். கையைத் தூக்கினாள்.

ஹார்லன் தூக்கினான். அவள் தூக்கினாள். மறுபடியும் அவன், மறுபடியும் அவள். அவன் குதிரையின் வயிற்றையும் பின்தொடையையும் பார்த்தான். எத்தனை கிலோ தேறும் என்று மனக்கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கைத் தாண்டி அவன் கை ஒரு நாளும் எழாது.

எழவில்லை. சுத்தியல் விழுந்தது.

வெளியே வந்ததும் அவள் ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தாள். இறங்க முடியாமல் நான் தவித்ததைப் பார்த்துத் தோளைக் கொடுத்தாள். அதைப் பிடித்துத்தான் தரைக்கு வந்தேன். கையை எடுக்கவில்லை.

அவள் அழுதுகொண்டிருந்தாள். “உங்களை மாதிரி மனுஷங்களும் இருக்காங்களே, ஐயா! வெளியில ஒரு நீட்டு லாரி நிக்குது பாத்தீங்களா, கறிக்குக் கொண்டு போறது? அதை ஓட்டுறவனுக்கெல்லாம் எப்படித்தான் தூக்கம் வருதோ.”

“நல்லாத்தான் தூங்குறேன்” என்றேன்.

தோள் என் கைக்கு அடியிலிருந்து விலகியது. குதிரையையும் இரண்டடி தள்ளி இழுத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் காய்ந்த புல் கிடைக்காதபோது இவள் என்ன போடுவாளோ. அழுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஒரு குளிர்காலம் போகட்டும், பார்க்கலாம்.

கறிக்கூடம் நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், பதினோரு மணி நேர ஓட்டம். ஹார்லன் வாங்கியதில் இன்னும் பதினேழு குதிரைகளை ஏற்ற வேண்டியிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தேன்.