உச்சிக்கொடை

"பன்னெண்டு மணிக்கு ஆடுத உச்சிக்கொடையைக் காலையில வைக்கணுமா? யாரு சொன்னது?"

தலைவர் கிருஷ்ணராஜ் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"நான்தான் சொல்லுதேன் அண்ணாச்சி," என்றாள் பாண்டிச்செல்வி. ஆடு மேய்க்கும் சாமியாடி சிவனாண்டியின் பொண்டாட்டி.

நாகலாபுரம் பக்கத்துக் கிராமம். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கான ஊர்க்கூட்டம். பகலில் வைத்தால் வெயிலுக்கு ஒரு ஈ காக்கா வராது என்று, பொழுதடைந்த பிறகு வைத்த கூட்டம்!

"போன சித்திரைக் கொடையில எங்க வீட்டுக்காரவ சிமெண்ட் ரோட்டுல வெறுங்காலோட ஆடிட்டு வந்தாவ. உள்ளங்கால் தோலே உரிஞ்சு போச்சு. ஒரு மாசம் ஆட்டுக்குப் பின்னால நான்தான் போனேன். வருசா வருசம் வெயில் கூடிக்கிட்டுத்தான போகுது? ஆட்டையே பத்து மணிக்குப் பட்டியில அடைச்சிருதோம். மனுசன் மட்டும் உச்சியில ஆடணுமா?"

"மிளகாப்பழம் பறிக்கதை விடியுமுன்ன மாத்துனோம், வாஸ்தவம். அது நம்ம சோலி. இது அம்மன் சோலி. மாத்தப்படாது!" என்றார் தலைவர்.

தலைவரோடு பல வருசமாய் முகம் கொடுத்துப் பேசாத கண்ணபிரான்கூட எழுந்தார். "இந்த ஒரு விசயத்துல தலைவர் சொல்லுததுதான் சரி!"

"கூடவே கூடாது!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது.

பாண்டிச்செல்வி விருட்டென்று கூட்டத்தை விட்டு நடந்தாள். இவர்களெல்லாம் மனுசர்கள்தானா?

கொடை நாள். மேளம் முழங்க, வேப்பங்குலையோடு சிவனாண்டி ரோட்டில் இறங்கினான். பாண்டிச்செல்வி குடத்துத் தண்ணீரை அவன் காலடியில் ஊற்றிக்கொண்டே ஓடினாள். ஊற்றியது ஊற்றிய இடத்திலேயே காய்ந்தது. ஊர்ப் பெரியவர்கள் பந்தலுக்குள், ஏர்கூலர் முன்னால், பக்தியோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிவனாண்டி சட்டென்று நின்றான். உடம்பு நடுங்கியது.

"ஏலே! எனக்கு இந்த வெயில் ஆகலலே! அடுத்த கொடையில இருந்து வெயில் ஏறுமுன்ன என்னைய ஆட விட்டு உள்ள அனுப்பிரணும். சம்மதமாலே?"

"சம்மதம் தாயே!"

கிருஷ்ணராஜ் பந்தலை விட்டு ஓடி வந்து தடாலென்று விழுந்தார். அவருக்கு முந்தி விழப் பார்த்தார் கண்ணபிரான். ஊரே விழுந்தது. விழுந்த வேகத்தில் எழுந்தும் விட்டது. தரை அந்தச் சூடு!

சாயங்காலம் புருசன் காலுக்கு மருந்து தடவும்போது பாண்டிச்செல்விக்குக் கண் கலங்கியது.

"அந்த அம்மனாவது இரக்கப்பட்டாளே! இந்த ஊர்ல ஒருத்தனுக்காவது நெஞ்சுல ஈரம் இருந்துச்சா?"

சிவனாண்டி சிரித்தான்.

"ஏட்டி, அவியள ஏசாத. கூட்டத்துல கத்துன அத்தன பேரும் மறுநாள்ல இருந்து ஒத்த ஒத்தையா பட்டிக்கு வந்தாவ. 'நேரத்தை மாத்தணும்னு அம்மன் வாக்கா நீ சொல்லிரு சிவனாண்டி. நான் சொன்னேன்னு மட்டும் வெளிய விட்டுராத'ன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சுனாவ. மொதல்ல வந்தது தலைவர். அவரு தலை மறையட்டும்னு கருவேல மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னது கண்ணபிரான்!"